மௌன நடையில் பதினோராவது ஆள்

ஷூக்காரர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை மண்டியிடுகிறவர். பக்தி என்று நினைத்துவிட வேண்டாம், பிழைப்பு அப்படி. கடைத்தெரு முனையில் கண்ணாடிக் கதவு போட்ட ஷூ கடையில் இருபத்தாறு வருடமாக விற்பனையாளர் வேலை. வாடிக்கையாளர் நாற்காலியில் சாய்ந்து உட்காருவார். இவர் உட்காரவும் ஒரு குட்டை முக்காலி இருக்கிறது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, முழங்காலைத் தரையில் ஊன்றி, வந்தவரின் காலைத் தூக்கித் தன் தொடையில் வைத்துக்கொள்வார். முக்காலியில் உட்கார்ந்தால் பெருவிரல் எங்கே போய் முட்டுகிறது என்று கைக்குத் தெரியாதாம். "வாய் ஏழாம் நம்பர்னு சொல்லும். கால் எட்டுன்னு சொல்லும். நான் காலைத்தான் நம்புவேன்" என்பார்.

அந்தப் பெருமையெல்லாம் கடைசியில் முட்டியில் வந்து விடிந்தது. நாற்பத்தெட்டு வயதில் இரண்டு முழங்காலும் போயே போய்விட்டன. கடையில் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எல்லோரும் முழங்காலிடும்போதுதான் முடியாது. ஆறு நாள் ஊராருக்கெல்லாம் மண்டியிட்டுவிட்டு ஏழாம் நாள் ஆண்டவருக்கு மண்டியிட முட்டி இல்லை என்றால் இது என்ன நியாயம்! பெஞ்சில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். "கொஞ்சம் தலை நிமிர்ந்துட்டா சிலருக்கு முட்டி மடங்காது" என்று பின்வரிசை அம்மாள் ஒருத்தி அவர் காதுபடவே சொன்னாள். தலை நிமிர்ந்ததாவது மண்ணாங்கட்டியாவது! மனிதர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை.

மறுநாள் காலையில், கடை திறப்பதற்கு முன்னால், ஆலயத்தின் பின்வாசல் வழியாக இறங்கி நடக்க ஆரம்பித்தார். கல்லறைச் சுவரைத் தாண்டினால் காடு. காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. கால்மணி நேரத்தில் ஓர் ஓடை வரும். அதைத் தாண்டி முக்கால் மணி நேரம் ஏறினால் மேட்டின் உச்சியில் யாரோ எப்போதோ நட்ட மரச்சிலுவை. நடந்தால் முட்டி அவ்வளவாக வலிக்கவில்லை, இறக்கத்தில் மட்டும் கொஞ்சம் முனகும். சரி, மண்டியிட்டு ஜெபிக்க முடியாதவன் நடந்து ஜெபிக்கிறேன் என்று முடிவு செய்துகொண்டார். மூச்சை இழுக்கும்போது 'ஆண்டவரே', விடும்போது 'இரங்கும்'. அவ்வளவுதான் ஜெபம். காலும் மூச்சும் ஒன்றாகப் போக வேண்டும்.

போதகருக்கு இது பிடித்துப்போயிற்று. அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார். மாதத்தின் முதல் சனிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். நான்கே மாதத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். 'மௌன நடை' என்று பெயர் வைத்தது போதகர், சட்டம் போட்டது ஷூக்காரர். வாயைத் திறக்கக் கூடாது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் முப்பது எட்டு வைக்கிற இடைவெளி. மூன்றாவது சட்டம்தான் முக்கியம்: திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் பின்னால் வருகிறவர் முகம் தெரியும். முகம் தெரிந்தால் சிரிப்பு வரும். சிரித்தால் பேச்சு வரும். அப்புறம் அது என்ன யாத்திரை, பூங்காவில் காற்று வாங்குவது மாதிரிதான் என்பார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் ஏதோ பறவையைப் பார்க்கத் திரும்பியது பின்னால் வந்தவர் சொல்லித் தெரிந்ததும், உச்சியிலேயே அவரைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டார். அன்றிலிருந்து 'மௌனப் போலீஸ்' என்று அவருக்கு இன்னொரு பெயரும் சேர்ந்துகொண்டது.

அவர் மனைவி சலவைக்கடையில் இஸ்திரி இயந்திரத்தில் நிற்கிறவள். நடைக்கு வா என்று கூப்பிட்டதற்கு அவள் சொன்னது இது: "கல்யாணமாகி இருபது வருஷமா நீங்க முப்பது எட்டு முன்னாடி போறீங்க, நான் பின்னாடி வாயை மூடிக்கிட்டு வர்றேன். இதுக்கு எதுக்குங்க தனியா ஒரு சனிக்கிழமை?"

இவ்வளவு சட்டம் பேசிய மனிதருக்குள் ஒரு ரகசியம் இருந்தது. நான்கு வருடம் நடந்தும் அவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. மற்றவர்கள் சிலுவையடியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வங்கியில் வேலை பார்க்கும் பையன் ஓடை தன்னோடு பேசியது என்றான். வாத்தியாருக்குச் செத்துப்போன தம்பிமேல் இருந்த கோபம் பாதி வழியில் இறங்கிவிட்டதாம். ஷூக்காரருக்கு? 'ஆண்டவரே' என்று மூச்சை இழுப்பார், பழுப்பு நிறத்தில் ஏழாம் நம்பர் தீர்ந்துபோனது ஞாபகம் வரும். 'இரங்கும்' என்று விடுவார், கடை முதலாளி முந்தாநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது ஞாபகம் வரும். ஊருக்கெல்லாம் வழிகாட்டிவிட்டுத் தான் மட்டும் வெறும் கையோடு இறங்கி வருவது எவ்வளவு பெரிய வெட்கம்! அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. போதகர் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "ரொம்ப ஆறுதலா இருந்துச்சு பாஸ்டர்" என்பார்.

வரிசையின் கடைசி ஆள் எப்போதும் தபால் அக்காதான். முப்பத்தொரு வருடம் வீடு வீடாக நடந்து கடிதம் கொடுத்து ஓய்வு பெற்றவள். நடையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "எல்லாரும் என் கண்ணு முன்னாடி இருந்தாதான் எனக்கு நிம்மதி. கடுதாசிக் கட்டுலேருந்து ஒண்ணு கீழே விழுந்தாக்கூடப் பார்த்து எடுத்துப் பழகினவ நான்" என்று தானே கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது. ஷூக்காரரைத் 'தம்பி' என்பாள். வெறும் தம்பி இல்லை, கூட்டத்தில் கூப்பிடும்போது 'ஷூக்காரத் தம்பி'.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் நல்ல மழை. ஷூக்காரருக்கு முட்டி வீங்கியிருந்ததால், எப்போதும் தான் போகிற முதல் இடத்தில் போதகரைப் போகச் சொல்லிவிட்டு அவர் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். பதினோராவது ஆள் அவர், பன்னிரண்டாவது தபால் அக்கா. ஓடை நிறைந்து ஓடியது. நடுவில் போட்டிருந்த கற்களின் மேல் ஜாக்கிரதையாகக் கால் வைத்துத் தாண்டி, அக்கரை மேட்டில் ஏறத் தொடங்கினார்.

அப்போதுதான் அது நடந்தது. ஏன் நடந்தது, எப்படி நடந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. முட்டி வலி திடீரென்று அவருடையது இல்லை என்பதுபோல விலகிப்போனது. ஜெபம் தானாக ஓடியது. அவர் சொல்லவில்லை, அது தன்னைத்தானே சொல்லிக்கொண்டது. ஈர இலைகளில் வெளிச்சம் விழுந்திருந்தது. கடை இல்லை, முதலாளி இல்லை, ஏழாம் நம்பர் இல்லை. நான்கு வருடம் தட்டிய கதவு திறந்தேவிட்டது!

"தம்பீ!"

பின்னாலிருந்து ஒரு குரல். நின்றார். ஓடைச் சத்தத்தையும் மீறித் தெளிவாகக் கேட்டது.

"ஷூக்காரத் தம்பீ!"

இரண்டாவது குரலில் ஒரு பதற்றம் இருந்ததும் கேட்டது. திரும்பலாம். கழுத்தைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் திரும்பினால் இது போய்விடும் என்று அவர் உள்ளம் அடித்துக்கொண்டது. நான்கு வருடத்தில் முதல் தடவையாக வந்திருக்கிறது, இப்போது போனால் இனி எப்போது? அக்கா ஏதாவது வழுக்குப் பாறையைப் பார்த்து எச்சரிக்கிறாள் போலிருக்கிறது. இல்லை, குடையை விட்டுவிட்டேன் என்று கூப்பிடுகிறாளோ. இல்லை, இது சோதனை. சரியாக இந்த நேரம் பார்த்து வருகிற குரல் சோதனையாகத்தான் இருக்க வேண்டும். தான் போட்ட சட்டத்தைத் தானே மீறுவதா? இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகக் காரணங்களை அடுக்கிக்கொண்டு, பத்து எண்ணுகிற நேரம் நின்றுவிட்டு, நடந்தார். மேலே போகப் போக ஜெபமும் கூடவே வந்தது. அதுதான் கொடுமை. அது உடனே அவரை விட்டுப் போயிருந்தால்கூட மனிதர் பயந்து திரும்பியிருப்பார்.

உச்சியில் பதினொரு பேரும் சிலுவையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகுதான் ஜெபம் சொல்லி மௌனத்தைக் கலைப்பது வழக்கம். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று, தபால் அக்காவைக் காணோம். போதகர் வாயைத் திறப்பதற்குள் ஷூக்காரர் எழுந்து ஓடினார். வீங்கிய முட்டியோடு, வழுக்கும் இறக்கத்தில், இரண்டு தடவை விழுந்து எழுந்து ஓடினார். மற்றவர்கள் பின்னால் ஓடி வந்தார்கள்.

ஓடைக் கரையில், பாதி உடம்பு தண்ணீரிலும் பாதி உடம்பு சேற்றிலுமாகக் கிடந்தாள் தபால் அக்கா. கல்லில் கால் வழுக்கி இடுப்பு அடிபட விழுந்து ஒரு மணி பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஷூக்காரர்தான் முதலில் அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர்தான் சட்டையைக் கழற்றிப் போர்த்தினார். இரண்டு தடிகளில் மேல்கோட்டுகளைக் கட்டித் தூக்கி வந்ததில் முன்பக்கம் பிடித்ததும் அவர்தான். ஆலயத்து வாசலிலிருந்து ஆம்புலன்ஸ் போன பிறகு அவர் முட்டி இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தன.

டாக்டர் அக்காவின் கணவரிடம் சொன்னது அன்றைக்கே ஆலயம் முழுக்கத் தெரிந்துபோனது. விழுந்ததில் இடுப்பெலும்பில் விரிசல்தான் விட்டிருந்ததாம். யாரும் வராததால் தண்ணீரிலிருந்து தானே கையை ஊன்றி நகர்ந்திருக்கிறாள், அதில்தான் எலும்பு விலகி நரம்பை நசுக்கிவிட்டதாம். அறுவை நடந்தது. இடது பாதத்தில் உணர்ச்சி திரும்பவில்லை. வீட்டுக்குள் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து நடக்கலாம், காடும் மேடும் இனி இல்லை.

"அக்கா கத்தியிருந்தாக்கூட அந்த ஓடைச் சத்தத்துல யாருக்குங்க கேக்கும்?" என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். ஷூக்காரரைப் பார்க்கிறபோது மட்டும் குரலே மாறியது. "நீங்க ஓடலேன்னா அவ்வளவுதான்" என்றார்கள். அக்காவின் கணவர் மரவேலை செய்கிறவர், அதிகம் பேசாத முரட்டு மனிதர். அவர் ஆலய வாசலில் நாலு பேர் முன்னால் ஷூக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். "நீங்க என் கூடப் பிறந்தவன் மாதிரி" என்றார். ஷூக்காரருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை.

மூன்று மாதமாக வாய் திறக்கவில்லை. சனிக்கிழமைதோறும் ஒரு ரொட்டியை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவார். கணவர் டீ போட்டுத் தருவார். கட்டிலிலிருந்து குளியலறை வரை தான் சுவரில் அடித்த கைப்பிடிக் கட்டையைத் தடவிக் காட்டுவார். வெயில், மழை, ரொட்டியின் பதம் என்று ஏதாவது பேசிவிட்டு ஷூக்காரர் எழுந்துவிடுவார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது. கடையில் ஒருவருக்கு இடது கால் ஷூவையே இரண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இன்னொன்றும் இருந்தது, அது அதைவிட மோசம். காட்டில் வந்த அந்தச் சில நிமிடங்களை அவரால் வெறுக்க முடியவில்லை. வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த ஆகப் பெரிய விஷயம் அது. அதை நினைத்தால் இன்னமும் நெஞ்சு விரியும், உடனே தண்ணீரில் கிடந்த அக்காவின் முகம் வரும். இரண்டும் ஒரே மூச்சில் வரும். 'இரங்கும், இரங்கும்' என்று வாய் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் கால் அவளை விட்டுவிட்டு நடந்தது. இந்த ஜெபத்தை இனி எந்த முகத்தோடு சொல்வது? அவர் ஜெபிப்பதையே நிறுத்திவிட்டார்.

மனைவியிடம் ஒரு நாள் உடைத்துவிட்டார். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு இரண்டு தலையணை உறைகளை மடித்து முடித்தாள்.

"சொல்லாதீங்க" என்றாள்.

"எப்படிடீ சொல்லாம இருக்கிறது?"

"சொன்னா உங்க மனசு லேசாகும். அவங்களுக்கு என்ன ஆகும்? யாருக்கும் கேக்கல, விதின்னு படுத்திருக்காங்க. கேட்டும் ஒருத்தன் போனான்னு தெரிஞ்சா அந்தம்மா எப்படித் தூங்கும்? உங்க பாரத்தை எறக்கி அவங்க தலையில வைக்கப் போறீங்க. அவ்வளவுதான்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததோடு வசதியாகவும் இருந்தது. ஷூக்காரர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு வாரத்தை ஓட்டினார்.

அதற்குள் போதகர் கடைக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "வர்ற மாசம் மௌன நடையை மறுபடி ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். எல்லாரும் பயந்து போயிருக்காங்க. அதனால இந்த ஞாயிறு நீங்க ஆலயத்துல சாட்சி சொல்லணும்."

"நானா? என்ன சாட்சி பாஸ்டர்?"

"என்னய்யா இப்படிக் கேக்குறீங்க! ஆண்டவர் உங்களை எப்படி எழுப்பி ஓட வச்சார்னு சொல்லுங்க. தபால் அக்காவையும் சக்கர நாற்காலியில கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

எதிரே ஒருவர் காலை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஷூக்காரர் கையில் ஒற்றை ஷூவோடு மண்டியிட்டபடியே தலையை ஆட்டினார். ஆட்டிய பிறகுதான் தான் எதற்குத் தலையாட்டினோம் என்பது உறைத்தது. இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது ஒன்று. ஆலயத்தில் நின்று, அவளை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, ஆண்டவர் பேரால் அதற்குச் சாயம் பூசிச் சொல்வது வேறொன்று.

சனிக்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். இந்தத் தடவை ரொட்டி இல்லை. அளவுப் பலகையையும் ஒரு ஜோடி ஷூவையும் எடுத்துக்கொண்டு போனார். இழுத்து நடக்கிற பாதத்துக்கு முனை நிமிர்ந்த, எடை குறைந்த ஷூ. கணவர் பின்முற்றத்தில் இழைப்புளியோடு நின்றிருந்தார். சக்கர நாற்காலி இறங்க வாசற்படிக்குச் சாய்வுப் பலகை தயாராகிக்கொண்டிருந்தது. நாளைக்கு ஆலயத்துக்குப் போக வேண்டுமே! "உள்ள போங்க தம்பி, வந்து டீ போடுறேன்" என்றார்.

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஷூக்காரர் முழங்காலைத் தரையில் ஊன்றி, அவள் இடது காலைத் தூக்கித் தன் தொடையில் வைத்தார். கால் கனத்தது. விரல்களை அழுத்தினார். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, அழுத்தியதே தெரியவில்லை அவளுக்கு. அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அன்னைக்கு நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும்" என்றாள் அக்கா.

ஷூக்காரர் பேயறைந்தவர் மாதிரி நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க நின்னீங்க. கட்டம் போட்ட நீலச் சட்டை. மரத்துக்கு நடுவுல நல்லாவே தெரிஞ்சுது. அப்பாடா, கேட்டுடுச்சுன்னு நினைச்சேன். இன்னொரு தடவை கூப்பிட்டேன். அப்பவும் நின்னுட்டுதான் இருந்தீங்க. அப்புறம் நடந்தீங்க." அவள் குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. "முதல்ல ஆள் கூட்டிட்டு வரத்தான் போறீங்கன்னு நினைச்சேன். முன்னாடி பத்துப் பேர் இருக்காங்களே. பத்து நிமிஷம் ஆகும்னு கணக்குப் போட்டேன். கால்மணி ஆச்சு, அரைமணி ஆச்சு. தண்ணி ஜில்லுனு இடுப்பைப் பிடிக்குது. இனிமே யாரும் வரமாட்டாங்கன்னு புரிஞ்ச பிறகுதான் கையை ஊனி நகர்ந்தேன். உள்ளே டக்குனு ஒரு சத்தம்."

"அக்கா... நாலு வருஷத்துல அன்னைக்குத்தான் எனக்கு ஜெபம் வந்துச்சு. நடைக்கு வர்றவங்கள்ல உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன், அதுவரைக்கும் எனக்கு எதுவுமே வந்ததில்ல. திரும்பினா அது போயிடும்னு..."

"போகட்டுமே!" என்று கத்தினாள் அக்கா. மூன்று மாதத்தில் அவள் குரலை உயர்த்தி ஷூக்காரர் கேட்டதில்லை. "போனா இன்னொரு நாள் வராதா? என் கால் வருமா?"

பின்முற்றத்தில் இழைப்புளிச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலைத் தணித்தாள்.

"அதைக்கூட நான் எப்படியாவது முழுங்கிடுவேன் தம்பி. மனுஷ மனசு கிறுக்குப் பிடிச்சது, ஒரு நிமிஷம் ஏதோ பண்ணிடுச்சுன்னு விட்டுடுவேன். ஆனா நீங்க ஓடி வந்து என் தலையைத் தூக்கி மடியில வச்சீங்களே, அப்ப என்ன கேட்டீங்க?"

ஷூக்காரர் தெரியாது என்பதுபோலத் தலையை அசைத்தார். தெரியும். மூன்று மாதமாக அந்த ஒன்றை மட்டும் நினைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியிடம் சொன்னபோதுகூட அதைத் தாண்டிப் போயிருந்தார்.

"'அக்கா, ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா'ன்னு கேட்டீங்க. பின்னாடி பத்துப் பேர் வந்து நிக்கிறாங்க. அவங்க காதுல விழுற மாதிரி கேட்டீங்க. ரெண்டு தடவை கூப்பிட்டவளைப் பார்த்து, ஏன் கூப்பிடலைன்னு." அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வாயடைச்சுப் போச்சு. தப்பு என்மேலதான்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க. இவரே எத்தனை தடவை திட்டியிருக்கார், 'வாய் இருந்தும் கத்தாம கிடந்திருக்கியே'ன்னு."

ஷூக்காரர் அவள் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி அழுதார். சத்தம் வராமல் அழத் தெரியாத மனிதர் அவர், சட்டைக் கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

"ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"நான் சொன்னா அது குற்றச்சாட்டு. நீங்க சொல்லணும்னு இருந்தேன். சனிக்கிழமை சனிக்கிழமை ரொட்டியோட வருவீங்க. இன்னைக்குச் சொல்லிடுவார், இன்னைக்குச் சொல்லிடுவார்னு பார்ப்பேன். வெயிலைப் பத்திப் பேசிட்டுப் போவீங்க. முப்பத்தொரு வருஷம் எல்லார் வீட்டுக் கடுதாசியையும் கொண்டுபோய்க் குடுத்தேன், எனக்கு வர வேண்டியது மட்டும் வந்து சேரவே இல்ல."

"என்னை மன்னிச்சிடுங்கக்கா."

"மன்னிக்கணும்னு தினமும் உட்கார்ந்து பார்க்கிறேன். இன்னும் வரல. வராததை வந்த மாதிரி சொல்ல என்னால முடியாது. போங்க, இவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க. கூடப் பிறந்தவன்னு சொல்லிட்டுத் திரியுறார் பாவம்."

எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்கவில்லை. கட்டில் காலைப் பிடித்து எழுந்தார். பின்முற்றத்துக்குப் போகிற அந்தப் பன்னிரண்டு எட்டுத்தான் ஷூக்காரர் தன் ஆயுளில் நடந்ததிலேயே நீளமான நடை. மரவேலைக்காரர் சாய்வுப் பலகையைக் கவிழ்த்துப்போட்டுக் கீழ்ப்பக்கத்தை இழைத்துக்கொண்டிருந்தார். ஷூக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு குரலையும் சொன்னார். பத்து எண்ணுகிற நேரம் நின்றதைச் சொன்னார். மடியில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வியையும் சொன்னார்.

அடி விழும் என்று எதிர்பார்த்தார். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மரவேலைக்காரர் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே. அன்னையிலேருந்தே தெரியும்."

மரவேலைக்காரர் அந்தப் பலகையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சீவல்களைக் கையில் அள்ளி, பார்த்து, கீழே போட்டார். "கத்தாம கிடந்தியேன்னு நான் அவளைத் திட்டுனேன்" என்றார். அதையே இன்னொரு தடவையும் சொன்னார். பிறகு தலையைத் தூக்கினார். கண் சிவந்திருந்தது.

"மூணு மாசமா உங்களுக்கு டீ போட்டுக் குடுத்தேன்ல?"

"ஆமாண்ணே."

"அண்ணன்னு சொல்லாதீங்க." எழுந்து நின்றார். "நாளைக்குக் கோயில்ல பேசுறீங்களாம். நான் அவளை இந்தப் பலகையில இறக்கிக் கூட்டிட்டு வருவேன். முதல் வரிசையில உட்காருவோம். இப்ப எங்கிட்ட சொன்னதை ஒரு வார்த்தை விடாம அங்க சொல்லணும். விட்டீங்கன்னா நான் எழுந்து சொல்லுவேன். இப்ப போங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷூக்காரரின் மனைவி அவர் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "நான் வேண்டாம்னு சொன்னேன், நீங்க கேக்கல. சரி. வந்து உட்கார்ந்திருப்பேன். அதுக்கு மேல எங்கிட்ட எதுவும் எதிர்பார்க்காதீங்க" என்றாள். ஆனால் தெருவில் அவள் பின்னால் வரவில்லை, அவரோடு ஒட்டியே நடந்தாள்.

ஆலயம் நிரம்பியிருந்தது. முதல் வரிசை ஓரத்தில் சக்கர நாற்காலியில் தபால் அக்கா. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு அவள் கணவர். நடையில் வருகிற மற்றவர்கள் இரண்டாம் வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் ஷூக்காரரைப் பார்த்துச் சிரித்துக் கை உயர்த்தினார். போதகர் முன்னுரை சொன்னார். நெருக்கடி நேரத்தில் தமக்கு ஓர் ஊழியனை ஆண்டவர் எப்படி எழுப்புகிறார் என்று நீளமாகச் சொன்னார். சிலர் கண்ணை ஒற்றிக்கொண்டார்கள்.

ஷூக்காரர் இரண்டு படி ஏறி ஒலிபெருக்கி முன்னால் நின்றார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து யோசித்து வைத்திருந்த ஆரம்பம் ஒன்று இருந்தது. முட்டி வலி, நாலு வருட ஜெபம், ஈர இலையில் விழுந்த வெளிச்சம் என்று படிப்படியாக அங்கே போய்ச் சேருகிற மாதிரி. கேட்கிறவர்களுக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வருகிற மாதிரி. தபால் அக்காவைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். சனிக்கிழமைகளில் பார்த்த அதே பார்வை.

அந்த ஆரம்பத்தை அவர் சொல்லவில்லை.

"அக்கா அன்னைக்கு என்னை ரெண்டு தடவை கூப்பிட்டாங்க" என்றார். "ரெண்டு தடவையும் எனக்குக் கேட்டுச்சு."